பெறுநருக்காகக் காத்திருக்கின்றன

இதைக் கேட்பவர் முதலில் சிலவற்றை அறிந்துகொள்ள வேண்டும். அறியாவிட்டால், பொற்செல்வி என்பவள் ஒரு திங்கட்கிழமைப் பிற்பகலில் நாற்பது நிமிடம் நாற்காலியை விட்டு எழாமல் இருந்தது வெறும் சோம்பலாகவே தோன்றும். திண்டுக்கல்லில் ஓர் அறக்கட்டளை நடத்துகிற மருத்துவமனை அது. ஆய்வகம், மருந்தகம், சமையற்கூடம், மாடிக்கொரு பிரிவு. ஒவ்வோரிடத்திலும் ஒரு கணினி, அதில் ஒரு நிரல். இந்த நிரல்கள் ஒன்றோடொன்று நேரே பேசிக்கொள்வதில்லை. தரைத்தளத்தில், படிக்கட்டுக்குக் கீழே அமைந்த சிறிய அறையில், திரையில் முகம் காட்டாமல் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல்தான், கட்டடத்துக்குள் இழுக்கப்பட்ட கம்பிகளின் வழியாக, ஒன்று சொல்வதை மற்றொன்றிடம் சேர்க்கும். எல்லோரும் அதைச் சர்வர் என்பார்கள். ஒவ்வொரு நிரலும் விழித்ததும் 'என் பெயர் இன்னது' என்று அதனிடம் பதிந்துகொள்ளும். ஆய்வகம் 'இன்ன பெயருக்கு இந்த முடிவு' என்று கொடுத்தால், அந்தப் பெயரில் பதிந்திருப்பவரிடம் அது கொண்டுபோய்க் கொடுக்கும். அந்தப் பெயரில் எவரும் இல்லையென்றால் அது கூச்சலிடாது, திருப்பி அனுப்பாது. பெறுநர் இன்னும் வரவில்லை, வருவார் என்று வைத்துக்கொண்டு காத்திருக்கும். கொடுத்தவருக்கோ, வாங்கிக்கொண்ட அப்பொழுதே 'அனுப்பப்பட்டது' என்று பச்சைக் குறி காட்டிவிடும்.

பெயர்கள் எல்லாம் தமிழில் இருந்தன. அறக்கட்டளையின் விதி அது. பதினோராண்டுக்கு முன் கோயம்புத்தூரிலிருந்து வந்து அவற்றைக் கணினியில் ஏற்றிய பொறியாளருக்கு ஒற்றெழுத்து ஒரு பொருட்டன்று. 'சிறுநீரக பிரிவு' என்றே அடித்துவிட்டுப் போனார். மூன்றாம் மாடித் திரையின் தலைப்பிலும் அதுவே நின்றது. பொற்செல்வி புலவர் பட்டம் பெற்றவள். எட்டாண்டு ஒரு பள்ளியில் தமிழ் கற்பித்தவள். பள்ளி மூடப்பட்டபின் கணினிப் பட்டயம் படித்து, இங்கே வந்து, படிப்படியாக அந்தச் சர்வரின் பொறுப்பாளர் ஆனவள். இன்றும் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை ஆறரைக்குச் சர்வரை நிறுத்தி, ஐந்து நிமிடத்தில் மீண்டும் எழுப்புவது அவள் வழக்கம். அன்று அந்த ஐந்து நிமிடத்தில் பெயர்ப்பட்டியலைத் திறந்து, மூன்றாம் மாடியின் பெயரில் ஒரு 'ப்' சேர்த்தாள். சிறுநீரகப் பிரிவு. திரையின் தலைப்பும் சர்வரிடம் பதிகிற பெயரும் அதே வரிதான் என்பது அவள் நினைவில் எழவில்லை. ஆய்வகம் பழைய பெயருக்கே அனுப்பிக்கொண்டிருந்தது.

பகல் பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு ஆய்வகத்தில் ஜெசிந்தா என்னும் பெண் ஒரு முடிவை அனுப்பினாள்: மூன்றாம் மாடி, ஒன்பதாம் படுக்கை, சவடமுத்து, வயது அறுபத்தொன்று, பொட்டாசியம் ஏழு புள்ளி ஒன்று. இதயத்தை நிறுத்திவிடக்கூடிய அளவு. பச்சைக் குறி வந்தது. ஒன்று முப்பத்தாறுக்கு, ரிசல்ட் எங்கே என்று மேலிருந்து ஆள் வந்து கேட்டார்கள். ஜெசிந்தா பொற்செல்வியை அழைத்தாள். பொற்செல்வி திறந்து பார்த்தாள். 'சிறுநீரக பிரிவு: பெறுநருக்காகக் காத்திருக்கின்றன, 23.' ஒரே பார்வையில் அவளுக்கு விளங்கிவிட்டது. முதலில் மூன்றாம் மாடிச் செவிலியர் நாகஜோதியைக் கைப்பேசியில் அழைத்து எண்ணைச் சொன்னாள். பிறகு அந்தப் பகர ஒற்றை எடுத்தாள். இருபத்து மூன்றும் ஒரு நொடியில் மேலே போயின. ஒன்று நாற்பதுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முடியாதது, ஒன்று ஐம்பதுக்குத் தொலைபேசியில் தொடங்கியது.

"டீச்சர், உங்க சர்வர்ல எதுவும் கோளாறா?" நிர்வாகக் கண்காணிப்பாளர் சௌந்தரபாண்டியன்.

"சர்வர் காலையிலேர்ந்து ஓடிக்கிட்டுதான் இருக்கு சார்."

"அதான பார்த்தேன். லேப்ல அந்தப் பொண்ணு அமுக்காம விட்டுட்டு, கேட்டதும் இருபத்து மூணையும் ஒரே மூச்சுல தள்ளி விட்ருக்கு. மேல ஸ்கிரீன்ல எல்லாம் ஒண்ணு முப்பத்தெட்டுன்னு ஒரே டைம் காட்டுது. கேட்டா டிக் வந்துச்சுங்குது. ஏற்கெனவே ரெண்டு மெமோ வாங்கின ஆளு. இது மூணாவது, வீட்டுக்குத்தான். ரெண்டரைக்கு என் ரூமுக்கு வாங்க. நீங்களும் சர்வர் பத்தி ஒரு விளக்கம் எழுதிக் கொண்டாந்துருங்க, ஃபைலுக்கு."

ஓடிக்கிட்டுதான் இருக்கு சார். பேசியை வைத்த பிறகும் அந்த வாக்கியம் அறைக்குள் நின்றது. அதில் பிழை ஒன்றுமில்லை. எழுவாய் உண்டு, பயனிலை உண்டு, காலம் பொருந்துகிறது, 'தான்' என்னும் இடைச்சொல் தேற்றப்பொருளில் வந்து உறுதிப்படுத்துகிறது. பொய்யும் இல்லை, இதோ பச்சை விளக்கு துடித்துக்கொண்டிருக்கிறது. சர்வரில் கோளாறா என்று கேட்டார். சர்வரில் கோளாறு இல்லை. உன்னிடம் கோளாறா என்று அவர் கேட்கவில்லையே. கேட்ட வினாவுக்கு மட்டும் விடை எழுதுங்கள், கேட்காததை எழுதிப் பக்கத்தை நிரப்பாதீர்கள் என்று எட்டாண்டு எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பாள். ஆனால் கேட்ட வினாவுக்குத்தான் விடை சொன்னாளா? கோளாறா என்றால் ஆம் அல்லது இல்லை. ஓடுகிறது என்பது இரண்டும் அன்று. விடை எட்டு வகை. சுட்டு, மறை, நேர் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே போனால் கடைசி விரலில் நிற்பது இனமொழி விடை. ஆடுவாயா என்றால் பாடுவேன் என்பது. கேட்டதை மறுக்காமல், அதற்கு இனமான வேறொன்றைச் சொல்லி, மறுப்பைக் கேட்பவர் தாமே எடுத்துக்கொள்ள விடுவது. அவர் எடுத்துக்கொண்டார். அதான பார்த்தேன் என்றார். அவள் கையில் கொடுக்கவில்லை, அவர்தான் எடுத்துக்கொண்டார். எட்டாவது வகையை நடத்தும்போது பிள்ளைகள் எப்போதும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள், அது ஒரு விளையாட்டான விடை என்றே அன்று தோன்றும். குளிர்சாதனத்தின் காற்று நேரே பிடரியில் விழுந்தது. மூன்று ஆண்டாக அதன் காற்று வரும் மடலைத் திருப்பச் சொல்லி எழுதிக்கொடுக்கிறாள். முழங்காலுக்குக் கீழே கால் வீங்கியிருந்தது. செருப்பை வெளியே கழற்றிவிட்டு வருகிற அறை, தரை சில்லென்று இருந்தாலும் உள்ளங்கால் எரிந்தது. இந்த ஓராண்டாக இப்படித்தான், உடம்பே ஒரு பக்கம் குளிரும் ஒரு பக்கம் கொதிக்கும். எழ வேண்டும். எழுந்து எங்கே போக? மேலே போய், அந்த மனிதர் எப்படி இருக்கிறார் என்று கேட்க வேண்டும். கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்கள். கேட்க மாட்டார்கள், டீச்சர் நல்லவர், விசாரிக்க வந்திருக்கிறார் என்பார்கள். அதுதான் அதைவிடத் தாங்காது.

சவடமுத்து. முகம் தெரியாது. மூன்றாண்டாக வாரம் இருமுறை அவர் பெயர் இந்த அறையைக் கடந்து போகிறது. எடை ஐம்பத்து நான்கு என்பது தெரியும். வெள்ளிக்கிழமை இரத்தச் சுத்திகரிப்புக்கு வரவில்லை என்பது தெரியும். உப்பில்லாச் சோறு, கீரை கூடாது, வாழைப்பழம் கூடாது என்று சமையற்கூடத்துக்குப் போன குறிப்பு தெரியும். சிவந்தவரா கறுத்தவரா என்பது தெரியாது. பூட்டுப் பட்டறைத் தொழிலாளி என்று பதிவில் இருக்கும். படிக்கட்டில் எதிரே வந்திருப்பார், ஒதுங்கி வழிவிட்டிருப்பாள். பெயர் மட்டும் போகிற இடம் இது. பெயரைப் பிடித்துக்கொண்டு பெயர் போகிறது; பெயரில் ஓர் எழுத்து மிகுந்தால் ஆள் இல்லாமற்போகிறார். பதினொன்று ஐம்பத்திரண்டு முதல் ஒன்று முப்பத்தெட்டு வரை: ஒரு மணி நாற்பத்தாறு நிமிடம். அந்நேரம் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? தரச்சான்றுக்கு வரப்போகிற குழுவுக்காக ஒரு பட்டியலில் வரிசை எண்ணைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பதினேழுக்குப் பின் பத்தொன்பது என்றிருந்தது. பதினெட்டை எவரோ விட்டிருந்தார்கள். அதை அரைமணி தேடினாள். கண்டுபிடித்தபோது மகிழ்ச்சிகூட வந்தது. அந்த மகிழ்ச்சியின் நேரத்தில் மூன்றாம் மாடியில் ஒரு மனிதருக்கு நெஞ்சு தப்புத் தப்பாக அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. மேலே உள்ளவர்கள் திங்கட்கிழமை லேப் எப்போதும் தாமதம்தான் என்று பேசாமல் இருந்திருக்கிறார்கள். மற்ற இருபத்திரண்டு பேருக்கு ஒன்றுமில்லை. காத்திருந்தாலும் கெடாத முடிவுகள். இருபத்து மூன்றில் ஒன்று. அவள் மூன்றாம் மாடியில் தொடங்காமல் பட்டியலின் முதல் வரியில் தொடங்கியிருந்தால் 'அவசர பிரிவு' அல்லவா அகப்பட்டிருக்கும். அதையும் அடுத்த மாதம் திருத்துவதாகத்தான் குறித்து வைத்திருந்தாள். அந்தக் குறிப்பேடு மேசையறையில் இருக்கிறது. திறக்க வேண்டாம். திறந்தால் அடுத்தடுத்த மாதங்களுக்கு எந்தெந்த மாடி என்று அவள் கையெழுத்தில், வரிசையாக, அடிக்கோடிட்டு இருக்கும்.

கை வெச்சுராதீங்க மேடம் என்று அந்தக் கோயம்புத்தூர்ப் பொறியாளர் சொன்னார். சொன்னார் என்பது இப்போது நினைவுக்கு வருகிறது. காலையில் ஏன் வரவில்லை. இதே நாற்காலி, அப்போது சக்கரம் உடையாமல் இருந்தது. "இந்த லிஸ்ட்ல மட்டும் கை வெச்சுராதீங்க. தப்பாவே இருந்தாலும் இருக்கட்டும்." தப்பாவே இருந்தாலும் இருக்கட்டும். அந்தச் சொல் தைத்தது. அதற்கு முன்னால் சொன்னது காதில் ஏறவில்லை. தப்பை இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறவர்களோடு அவளுக்கு எப்போதும் ஆகாது. பதினோராண்டு மூன்றாம் மாடிக்குப் போகும்போதெல்லாம் அந்தத் தலைப்பு கண்ணில் விழும். பல்லில் சிக்கிய நார்போல நாக்கு அங்கேயே போகும். கீரை கடை என்றால் மத்தை எடுத்துக் கடை. கீரைக்கடை என்றால் பை எடுத்துக்கொண்டு போ. ஒரு பெண் எழுந்து கேட்டாள், எட்டாம் வகுப்பு, இரட்டைப் பின்னல், "ப் போடலேன்னா என்ன டீச்சர் ஆயிடும்?" பொருள் கெடும் என்றாள். போட்டால் என்ன ஆகும் என்று எவரும் கேட்கவில்லை. பொற்செல்வியின் அப்பா கேட்டிருப்பாரா? அவள் திருமண அழைப்பிதழின் அச்சுப்படி வந்தபோது அப்பா சிவப்பு மையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மணமகன் பெயர் சண்முக பாண்டியன். அப்பா நடுவில் ஒரு 'ப்' போட்டார். அழைப்பிதழ் அப்படியே அச்சாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் மண்டபத்திலேயே சிரித்தார்கள். திருமணப் பதிவு நாளில் பத்திரிகையில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர் என்று எழுத்தர் திருப்பி அனுப்பினார். "எங்கப்பா வச்ச பேரு. உங்கப்பா திருத்துறதுக்கு இது என்ன பரீட்சைப் பேப்பரா?" என்று இவர் கேட்டது இருபத்தாறாண்டாகச் செவியில் இருக்கிறது. பெயர் விதியைக் கேட்டு வருவதன்று. அழைத்தால் திரும்பிப் பார்க்கிறவன் எவனோ அவனுடையது. அப்போதே ஒத்துக்கொண்டாள். வாயால் ஒத்துக்கொண்டாள்.

கைப்பேசி மேசையில் கிடந்து அதிர்ந்தது. மூன்றாம் மாடியோ என்று சட்டென எடுத்தாள். அவர்தான், கணவர், சண்முக பாண்டியன். "செல்வி, இந்த கேஸ் சிலிண்டர் புக்க எங்க வச்ச?" சாமி படத்துக்குக் கீழ் உள்ள தட்டில், மின்கட்டண அட்டைக்கு அடியில் என்றாள். "அங்க இல்லியே." இருக்கும்ங்க, நல்லாப் பாருங்க என்றாள். "இருக்கு, இருக்கு. மேல ஒரு பேப்பர் கெடந்துச்சு. ஏன் குரல் ஒரு மாதிரியா இருக்கு, சாப்பிடலயா?" சாப்பிட்டேன் என்றாள். நேர் விடை, பொய். இன்று சொன்ன முதல் பொய் இதுதான் என்று ஒரு மனம் கணக்கிட்டது. மற்றொரு மனம் அந்தக் கணக்கைப் பார்த்து அருவருத்தது. பேசியை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். சர்வர் இணைத்துக்கொடுக்கிற ஒவ்வொன்றும் ஒரு வரியாக மேலேறிப் போகும். படிக்க மாட்டாள், ஓடுகிறதா என்று மட்டும் பார்ப்பாள். இப்போது படித்தாள். மருந்தகம், இரண்டாம் மாடி, நரம்பூசி மருந்து. ஆய்வகம், அவசர பிரிவு, சர்க்கரை. இரண்டு எட்டுக்கு ஒரு வரி வந்தது: மூன்றாம் மாடியிலிருந்து சமையற்கூடத்துக்கு, படுக்கை ஒன்பது, மதிய உணவு வேண்டாம். அவ்வளவுதான். அடுத்த வரி வந்து அதை மேலே தள்ளியது. வேண்டாம். யாருக்கு வேண்டாம்? சுத்திகரிப்பு இயந்திரத்தில் சேர்க்கப்பட்டவருக்கும் உணவு வேண்டாம். அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படாதவருக்கும் வேண்டாம். சமையற்கூடத்தில் ஒரு தட்டைக் குறைப்பார்கள், காரணம் கேட்க மாட்டார்கள், சர்வரும் கேட்காது. நாகஜோதியை அழைக்கலாம். ஒரு பொத்தான்தான். விரல் போகவில்லை. சவடமுத்து இறந்திருந்தால் தான் செய்ததைச் சொல்வாளா, சொல்லமாட்டாளா? எது? இருந்தால் சொல்லிவிடலாம், ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்லிக்கொண்டே சொல்லிவிடலாம். இறந்திருந்தால்? இறந்திருந்தால் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அப்போதுதான் நா எழாது. ஆக, அவர் இருக்கிறாரா என்று தெரிந்துகொண்டு, அதற்கேற்ப உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்யப்போகிறாள். இப்படியொருத்தி தனக்குள் இருப்பது ஐம்பத்தொரு வயதில் தெரியவருகிறது. களைப்பாக இருந்தது. அச்சம்கூட இல்லை, களைப்பு. துணி துவைத்துப் பிழிந்து, பிழிந்ததை மறுபடி நனைத்ததுபோல.

விளக்கம் எழுத வேண்டும். தாளை எடுத்தாள். மதிப்பிற்குரிய ஐயா. இன்று காலை மூன்றாம் மாடிக்கான செய்திகள் தடைப்பட்டன. அந்த வரியைக் கோடிட்டு அடித்தாள். தடைப்பட்டன என்றால் தாமாகத் தடைப்பட்டனவா? பெயர்ப்பட்டியலில் ஒரு மாற்றம் செய்யப்பட்டிருந்தது. செயப்பாட்டுவினை. நல்ல வாக்கியம், அலுவலகங்கள் முழுவதும் இந்த வினையின் நிழலில்தான் பிழைக்கின்றன. செய்தவர் யார் என்று அது கேட்க விடாது. எழுதிய தாளைப் பார்த்தாள். இதுகூட வேண்டியதில்லை. சர்வர் காலை முதல் தடையின்றி ஓடியது; அவ்வளவு போதும்; அவர் அதைத்தான் கேட்கிறார். பட்டியலில் இப்போது ஒற்று இல்லை; நிலைமை பதினோராண்டாக இருந்தது போலவே இருக்கிறது. சர்வர் தனக்கென்று எழுதி வைக்கிற நடவடிக்கைக் குறிப்பில் மட்டும் காலை ஆறு முப்பத்தைந்து, பெயர் மாற்றம் என்று ஒரு வரி உண்டு. அதை அழிக்கக்கூட வேண்டாம். படிக்கத் தெரிந்தவர் இந்தக் கட்டடத்தில் அவள் ஒருத்திதான். முப்பது நாளில் அது தானே அழிந்துவிடும். எதையும் செய்ய வேண்டாம், எதையும் சொல்ல வேண்டாம். இரண்டரைக்குப் போய் உட்கார்ந்து எழுந்து வந்தால் போதும். அந்தப் பெண்ணும் ஒன்றும் அப்பழுக்கற்றவள் அல்லள். பொட்டாசியம் ஆறைத் தாண்டினால் போனிலும் சொல்ல வேண்டும் என்பது விதி, சொன்னாளா? சொல்லியிருந்தால் இது இவ்வளவு தூரம் வந்திராது. போன மாதம் குழாயில் பெயரொட்டி மாறிப்போனதற்கு ஒரு மெமோ, அதற்கு முன் எதிர்த்துப் பேசியதற்கு ஒன்று. எதிர்த்துத்தான் பேசுவாள், எல்லாரிடமும் பேசுவாள். தன் பேனா அந்தப் பெண்ணின் குற்றங்களைத் தாளின் ஓரத்தில் எண்ணிட்டு எழுதிக்கொண்டிருப்பதைப் பொற்செல்வி அப்போதுதான் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. எண்களுக்குப் பின் முற்றுப்புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் இருந்தன.

"டீச்சர், உள்ள வரலாமா? செருப்ப வெளிய விட்டுட்டேன்."

ஜெசிந்தா கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றாள். ஆய்வகத்து வெள்ளை மேலங்கி, அதன் பையில் மூன்று பேனா. தாளைத் திருப்பி வைத்தாள் பொற்செல்வி. "வாம்மா."

"யப்பா, என்னா குளுரு. இங்க தயிர்கூட ஒறையாது போங்க." அவள் உட்காரவில்லை, சுவரில் சாய்ந்தாள். "சௌந்தரபாண்டியன் சார் என்ன சொன்னாரு தெரியுமா? எழுபது சாம்பிள் பாக்கத் தெரியுது, ஒரு பட்டன அமுக்கத் தெரியலயாங்கிறாரு. நானும் சும்மா இருக்காம, அது பட்டன் இல்ல சார், கிளிக்குன்னு சொல்லிட்டேன். வாய்க்கொழுப்பு. எங்கம்மா சொல்லும், ஒன் வாயிதான்டி ஒனக்கு எமன்னு."

"மேலே போன் பண்ணினியா?"

"ரெண்டு தடவ பண்ணேன் டீச்சர். மணி அடிச்சுக்கிட்டே இருக்கு, யாரும் எடுக்கல. மூணாவது பண்றதுக்குள்ள அவசரத்துலேர்ந்து பாம்புக்கடி கேஸ் ஒண்ணு ஓடி வந்துச்சு. அதோட மறந்து போச்சு. அது என் தப்புதான்." அவள் மேலங்கியின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். "ஒண்ணு கேக்கட்டுமா? ஒங்க மிஷினுக்குத் தெரியும்ல, நான் அனுப்புனேனா இல்லயான்னு?"

பொற்செல்வி விடை சொல்வதற்கு வாயைத் திறந்தாள். அதற்குள் ஜெசிந்தாவே பேசினாள்.

"இல்ல, எதுக்குக் கேக்குறேன்னா, எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. பச்ச டிக் வந்தது கண்ணுக்குள்ளயே நிக்குது. ஆனா அது சவடமுத்துக்கு வந்துச்சா, அவருக்கு முன்னாடி ஆளுக்கு வந்துச்சா? யோசிக்க யோசிக்கக் கொழம்புது டீச்சர். சார் அவ்வளவு உறுதியா சொல்றாரு. சர்வர் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சுன்னு நீங்களும் சொன்னீங்களாம். அப்ப நான்தான அமுக்காம விட்ருக்கணும்? பேசாம எழுதிக் குடுத்துரலாம்னு பாக்குறேன். மறந்துட்டேன், மன்னிச்சுக்கங்கன்னு. எழுதிக் குடுத்தா சஸ்பென்ஷனோட விட்ருவாங்கங்கிறாங்க." மேலங்கியின் பையிலிருந்து நான்காய் மடித்த ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். "எனக்குத் தமிழ்ல லெட்டர் எழுதுனா தப்புத் தப்பா வரும். நீங்க ஒரு நாலு வரி சொல்லுங்க டீச்சர், பிழையில்லாம."

பிழையில்லாமல் நான்கு வரி. அவளால் முடியும், இந்தக் கட்டடத்தில் அவளால் மட்டுமே முடியும். நான் மறந்துவிட்டேன் என்பதில் ஒற்று எங்கும் மிகாது. தன்மை ஒருமை, இறந்தகாலம். அந்தப் பெண் பேனாவைத் திறந்து, சர்வர்ப் பெட்டியின் மேல் தாளை வைத்து, நெற்றியில் மயிரை ஒதுக்கிக்கொண்டு, வகுப்பில் சொல்வதெழுதுதலுக்குக் குனிந்த பிள்ளையைப்போல் குனிந்திருந்தாள். செய்யாத ஒன்றைச் செய்ததாக அவள் நம்பத் தொடங்கிவிட்டாள். நம்ப வைத்தது எது? பச்சைக் குறியை அவள் கண்ணாலேயே பார்த்தாள். கண்ணால் பார்த்ததை டீச்சர் சொன்ன ஒரு வாக்கியம் அழித்துவிட்டது. பிழை ஒன்றுமில்லாத வாக்கியம்.

"பேனாவை மூடும்மா."

"என்ன டீச்சர்?"

"நீ அனுப்பின. பதினொண்ணு அம்பத்திரண்டுக்கு அனுப்பின. என்கிட்ட இருக்கு. உனக்கு மறக்கல."

ஜெசிந்தா நிமிர்ந்தாள். "அப்பறம் ஏன் மேல போகல?"

"வா, மேலே போய்ச் சொல்றேன். உனக்கும் சாருக்கும் சேர்த்து ஒரே தடவையாச் சொல்லிடறேன். ரெண்டு தடவை சொல்ல எனக்குத் தெம்பு இல்ல."

காலை ஆறு முப்பத்தைந்து என்ற வரி உள்ள பக்கத்தை அச்செடுத்தாள். எழுந்தபோது கால் மரத்திருந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்; ஜெசிந்தா முழங்கையைத் தாங்கினாள். படிக்கட்டில் அந்தப் பெண்ணின் கை முழங்கையிலேயே இருந்தது. விடு என்று சொல்லவும் தோன்றவில்லை, இன்னும் சற்று நேரத்தில் தானே விட்டுவிடுவாள் என்று தோன்றியது. இரண்டாம் மாடியில் கண்காணிப்பாளர் அறைக் கடிகாரம் இரண்டு இருபத்தொன்பது காட்டியது. அவர் கோப்பைத் திறந்து வைத்திருந்தார். ஒன்பதாம் படுக்கையைப் பற்றி அவரிடம் செய்தி இருக்கும். அவர் முகத்தில் அதைத் தேடாமலிருக்க, பொற்செல்வி அவருடைய மேசைமேல் தாள்களை அழுத்தியிருந்த கண்ணாடிக் குண்டைப் பார்த்துக்கொண்டு, உட்காராமலே பேசினாள்.

"சார், காலையில நான் சர்வர்ல ஓர் எழுத்தைச் சேர்த்தேன்."

"எழுத்தா? என்ன எழுத்து?"

"ப்."

அவள் ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்திவிட்டாள் என்றெண்ணி, சௌந்தரபாண்டியன் மீதிச் சொல்லுக்காகக் காத்திருந்தார்.

பின்னர் உறுதிப்பட்டவை இவை.

ஆய்வகத்தின் முடிவைச் சர்வர் பதினொன்று ஐம்பத்திரண்டுக்குப் பெற்று, ஒன்று முப்பத்தெட்டுக்கு ஒப்படைத்தது. ஜெசிந்தாவுக்கு மெமோ வழங்கப்படவில்லை. அன்று அவள் பொற்செல்வியின் கையை எந்தப் படியில் விட்டாள் என்பதை இருவருமே நினைவுகூரவில்லை. அதன் பிறகு அவள் டீச்சரோடு பேச இரண்டு மாதம் ஆயிற்று.

மூன்றாம் மாடித் தொலைபேசி சனிக்கிழமை முதலே பழுது. அழைப்பவருக்கு மணி அடிப்பது கேட்கும். அங்கே ஒன்றும் ஒலிக்காது. பழுதென்று எவரும் எழுதிக்கொடுக்கவில்லை.

மதிய உணவு வேண்டாம் என்ற செய்தி போனபோது சவடமுத்து உயிரோடு இருந்தார். ஊசி போட்டு, இரண்டு மணிக்குள் அவரை இயந்திரத்தில் சேர்த்துவிட்டார்கள். மாலை ஐந்தரைக்குக் கண் விழித்து, தம் சோற்றை எவன் நிறுத்தினான் என்று நாகஜோதியிடம் சண்டை பிடித்தார்.

அந்த ஒரு மணி நாற்பத்தாறு நிமிடத்தால் அவருக்கு இழப்பு நேர்ந்தது என்று சொல்ல இயலவில்லை என்றும், நேரவில்லை என்றும் சொல்ல இயலவில்லை என்றும் மருத்துவர் எழுதினார்.

பெயர்ப்பட்டியலில் இப்போது எண்கள் மட்டுமே உள்ளன. அதைக் கோயம்புத்தூரிலிருந்தே பார்த்துக்கொள்கிறார்கள். பொற்செல்வி ஆவணப் பிரிவுக்கு மாற்றப்பட்டாள். அங்கே சன்னல் உண்டு.

பதினோராம் நாள் சவடமுத்து வீடு திரும்பினார். விடுவிப்புச் சுருக்கத்தை வாங்க அவருடைய மகள் ஆவணப் பிரிவின் சன்னலுக்கு வந்தாள். அன்னைக்கு எங்கப்பாவுக்கு என்னதாங்க ஆச்சு, ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க என்று கேட்டாள். பொற்செல்வி எழுந்து நின்று, நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். மகள் முழுவதையும் கேட்டாள். கேட்டபின், கையெழுத்துப் போட வேண்டிய இடம் எது என்று கேட்டு, போட்டுவிட்டு, தாளை மடிக்காமல் இரு கையாலும் பிடித்துக்கொண்டு போனாள்.